கிழித்துக் கொடுத்த பக்கம்

கள்ளக்குறிச்சி கோர்ட்டில் ஒரு நாள் நீதிபதி, "அந்த ரசீது எங்கே?" என்று கேட்டார். ஏதோ ஓர் ஆலை வழக்குக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த வக்கீலுக்குப் பின்னால் என் வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். அவள் கையிலிருந்த வழக்குக் கட்டின் ஓரத்தில் மஞ்சள், பச்சை, ரோஜா நிறங்களில் சின்னச் சின்னக் காகித நாக்குகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் பச்சையைப் பிடித்து விரித்தாள். ரசீது வந்துவிட்டது.

அதற்குச் சற்று முன்புதான் எங்கள் பக்கமும் அதே மாதிரி ஒரு கேள்வி வந்திருந்தது. எங்கள் குமாஸ்தா கோவிந்தண்ணன் மஞ்சள் பைக்குள் கையை விட்டார். முதலில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அடுத்து, பாதி காலியான மாத்திரை அட்டை. "இருங்கய்யா, இதோ கீது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீதிபதி அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த இடத்தில்தான் எனக்குத் தோன்றியது. அந்தப் பெண் எங்கிருந்து வருகிறாளோ அங்கே ஒரு மாதமாவது போய் இருக்க வேண்டும். அந்தக் காகித நாக்குகளை எப்படி ஒட்டுகிறார்கள் என்று கற்றுக்கொண்டு திரும்பி வர வேண்டும்.

நான் சட்டக் கல்லூரி மாணவி என்பதும், விடுமுறைகளில் கள்ளக்குறிச்சியில் வக்கீல் ஜெயந்தி மேடத்திடம் கட்டுத் தூக்கிக்கொண்டிருந்தேன் என்பதும் போன வாரங்களில் படித்தவர்களுக்குத் தெரியும். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களுக்கு நன்றி. இந்த வாரம் சாம்பார் இல்லை. ஒரு பெண்மணி வருவார். அவர் பெயரை எழுத மாட்டேன். அவர் சம்மதத்தோடு, நிலத்தின் அடையாளங்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

ஆள் பிடித்தல்

அந்தச் சென்னைப் பெண்ணைக் கோர்ட் வளாகத்துக் குழாயடியில் பிடித்துவிட்டேன்.

"நான் வக்கீல் இல்லப்பா, இன்டர்ன்தான், ஒரு மாசம் வேலை கத்துக்க வந்தவ" என்றாள். பாட்டிலில் தண்ணீர் நிரம்பும் வரைதான் எனக்கு நேரம். "சும்மா அப்ளை பண்ணா பத்தாது. உள்ள இருக்கறவங்க யாராவது உன் பேரச் சொல்லணும். நெட்வொர்க்கிங் பண்ணு."

கச்சிராயபாளையத்தில் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா குத்தகை நிலத்தில் கரும்பு போடுகிறவர். வெட்டுக்கு ஆள் சேர்ப்பதே அவருக்கு வருஷா வருஷம் பெரிய கவலை.

"ஆளு புடிக்கிறதுதான? போன் போட்டா ஒருத்தனும் வரமாட்டான். நேரா அவன் வூட்டுக்குப் போயி ஒக்காந்துக்கணும். அவன் பொண்டாட்டி டீ போட்டுக் குடுத்துட்டாள்னா அப்புறம் வராம இருக்க முடியாது."

"அவங்க வூடு சென்னையில பன்னண்டாவது மாடில கீதுப்பா."

"லிப்ட் இல்லயா?"

நான் மெயில் போட ஆரம்பித்தேன். ஒரு நோட்டில் பெயர்களை எழுதி, யாரை யாருக்குத் தெரியும் என்று கோடு இழுத்தேன். முக்கால்வாசிப் பேர் பதில் போடவில்லை. கடைசியில் பலித்த கோடு எது தெரியுமா? சங்கராபுரம் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. அந்தக் கடைக்காரரின் தங்கை நிவேதா அக்கா சென்னையில் அந்தக் குழாயடிப் பெண் இருந்த அதே பெரிய சட்ட நிறுவனத்தில் வேலை பார்த்தார். நான் மேடத்தின் வேலையாக வாரத்துக்கு மூன்று முறை அந்த ஆபீசுக்குப் போய், மனுக்களை அங்கே ஜெராக்ஸ் எடுக்கிறவள். கடைக்காரர் நம்பர் கொடுத்தார்.

நிவேதா அக்கா என் பெயரை உள்ளே சொன்னார். மூன்று வாரம் கழித்து நேர்முகம். மெயில் வந்த அன்று டவுன் பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கும்படி அதைப் படித்தேன். கண்டக்டர், "எறங்கு பாப்பா, உன் ஸ்டாப்பிங் போயிருச்சு" என்றார்.

அப்பா எடுத்த இன்டர்வியூ

மூன்று வாரமும் நிவேதா அக்கா போனில் பாடம் நடத்தினார். ஒப்பந்தச் சட்டத்தில் நான் தேறிவிடுவேன் என்று அவருக்கு நம்பிக்கை இருந்தது. அவருடைய கவலை வேறு.

"செக்ஷன் சொல்றதுக்கு நூறு பேர் வருவாங்க. நீ நேர்ல பார்த்த ஒரு கேஸச் சொல்லு. கதை மாதிரி சொல்லு. அந்த ஆள் கண்ணு முன்னாடி வந்து நிக்கணும், புரியுதா?"

எனக்கு நன்றாகப் புரிந்தது. என்னிடம் அப்படி ஒரு கேஸ் இருந்தது.

ஒத்திகைக்கு அப்பா வந்தார். கட்டிலில் துண்டை மடித்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "உம் பேரு இன்னா?"

"அப்பா, அது தெரிஞ்சுதான கூப்பிட்டிருப்பாங்க."

"தெரிஞ்சாலும் கேப்பான். போலீஸ்காரன் கேக்கறதில்ல?"

பெயர் சொன்னேன். ஊர் சொன்னேன். பிறகு என் கேஸைச் சொன்னேன். அப்பா காலை மடக்கி வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "அந்த அம்மாவ எனக்கே நேர்ல பாத்த மாரி இருக்குது. உனுக்கு வேலை கன்ஃபார்ம்" என்றார்.

நான் அதை இன்னும் மெருகேற்றினேன். கோமுகி அணைக் கரையில் நடந்துகொண்டே சொல்லிப் பார்த்தேன். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம்.

பலா மரத்தடியில் எல்லாரும்

கேஸ் இதுதான். மலையில், கரியாலூருக்கு மேலே ஒரு சின்ன ஊர். அங்கே கணவனை இழந்த ஒரு பெண்மணி, மரவள்ளியும் சாமையும் போட்டுப் பிழைத்துவந்தார். கணவர் இருந்தபோதே ஊரார் முன்னிலையில் அண்ணன் தம்பிக்கு நிலத்தைப் பிரித்துவிட்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. தன் பங்குக்கு வரி கட்டிய ரசீதுகள் மட்டும் அவரிடம் இருந்தன. அருவி பார்க்க வருகிறவர்கள் கூடக் கூட, தங்கும் விடுதி கட்ட நிலம் கேட்டுக் கீழேயிருந்து ஆட்கள் வந்தார்கள். கொழுந்தன் மொத்த நிலமும் தன்னுடையது என்று ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் திருப்பூர் போய்விட்டான். அவர் ஜெயந்தி மேடத்தைத் தேடி வந்தார்.

விவரம் கேட்க மேடமும் நானும் மலைக்குப் போனோம். அவர் வீட்டு வாசலில் நாங்கள் உட்கார்ந்து நோட்டைப் பிரித்ததுதான் தாமதம், எதிரே இருந்த பலா மரத்தடியில் ஊரே வந்து உட்கார்ந்துவிட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஆட்டோடு வந்தார். மேடம், "இவங்ககிட்ட மட்டும் பேசணும்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

"அவுங்க இருக்கட்டும்மா" என்றார் அந்தப் பெண்மணி. "நான் தனியா சொன்னா பொய்யி சொல்றேம்பாங்க. எல்லாரும் இருந்தாதான் எம் பேச்சு நிக்கும்."

அது அந்த மலையின் வழக்கம். சண்டையோ, நிலமோ, கல்யாணமோ, எதுவானாலும் சபையில்தான் பேச்சு. கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவர்மேல்தான் சந்தேகம் வரும். அவர் ஒவ்வொரு வாக்கியம் சொன்னதும் யாராவது ஒருவர் திருத்தினார். "அது மாசி இல்ல, பங்குனி." "அப்ப உம் புருசன் வேலிதான் போட்டுக்கினு இருந்தான், கெணறு அப்புறம்."

அப்படிப் பேசிக்கொண்டே வந்தவர் ஒன்றைச் சொன்னார். கணவர் இறந்த சமயத்தில் கொழுந்தன் ஒரு பத்திரத்தாளைக் கொண்டுவந்து கைநாட்டு வாங்கிக்கொண்டு போனான். உதவிப் பணத்துக்கு மனு என்று சொன்னானாம். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. அந்தத் தாள் இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது. கொழுந்தனுக்கே ஞாபகம் இருக்குமோ என்னவோ. கம்பெனியின் காதுக்கு அது போனதாகத் தெரியவில்லை. போனால், அந்தத் தாளைத் தேடி எடுத்து, "பாருங்கள், பங்கை இவரே விட்டுக் கொடுத்துவிட்டார்" என்று கோர்ட்டில் நீட்டுவார்கள்.

பஸ்ஸில் இறங்கி வரும்போது மேடம் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். "அந்தக் கைநாட்டு விஷயத்த நோட்ல எழுதாத" என்றார்.

நான் எழுதவில்லை. எழுதாதே என்றாரே தவிர, சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. எனக்கோ அது ஊரே அறிந்த செய்தி. ஆடுகள்கூடக் கேட்டுக்கொண்டிருந்த செய்தி. அதில் ரகசியம் என்று ஒன்று இருப்பதாக எனக்குப் படவே இல்லை.

பன்னிரண்டாவது மாடி

சென்னை அலுவலகத்தில் லிப்ட் இருந்தது. அப்பாவுக்கு அதை முதலில் போன் செய்து சொன்னேன்.

கண்ணாடி அறை. ஏசி குளிரில் விரல்கள் மரத்துப்போயின. ஐம்பது வயது மதிக்கத்தக்க சீனியர் ஒருவர். அவர் பக்கத்தில் குறிப்பெடுக்க ஓர் இளம் வக்கீல். அந்தப் பெண் முன்னால் இருந்த கட்டின் ஓரத்தில் காகித நாக்குகள்! அதைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி தைரியம் வந்தது. ஒப்பந்தச் சட்டக் கேள்விகளைத் தாண்டிவிட்டேன். ஒரு கேள்விக்குத் தெரியாது என்று சொன்னேன். அதற்கு அவர் சிரித்துத் தலையாட்டினார்.

பிறகு கேட்டார். "நீங்க நேர்ல பார்த்த ஒரு கேஸ் சொல்லுங்க."

சொன்னேன். பலா மரத்தைச் சொன்னேன். பெண்மணியின் பெயரைச் சொன்னேன். ஊர், வரி ரசீது, திருப்பூருக்குப் போன கொழுந்தன். கைநாட்டு வரும் இடத்தில், ஒத்திகை பார்த்தபடியே குரலை இறக்கி ஒரு விநாடி நிறுத்தினேன். இருவரும் முன்னால் சாய்ந்து கேட்டார்கள். என் ஆயுளில் யாரும் என் பேச்சை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

"கரியாலூர் பக்கம் விடுதியா? எந்தக் கம்பெனி?" என்றார் சீனியர்.

அதையும் சொன்னேன்.

எழுதிக்கொண்டிருந்த பெண்ணின் பேனா நின்றது. அவள் அவரைப் பார்த்தாள்.

"நிறுத்துங்கம்மா" என்றார்.

"இன்னும் ரெண்டு நிமிஷம்தான் சார். முடிவு இனிமேதான் வருது."

"நிறுத்துங்க. அந்தக் கம்பெனி எங்க கட்சிக்காரங்க. அந்தக் கோர்ட் கேஸ நாங்க நடத்தல. மத்த டாக்குமென்ட் எல்லாம் இங்கதான் தயாராகுது."

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தாள். அவர் கேட்டார்.

"இத வெளிய சொல்லலாம்னு அந்தம்மா உங்களுக்கு அனுமதி குடுத்தாங்களா?"

"ஊரே கேட்டுச்சு சார். அவங்க மறைச்சு ஒண்ணும் சொல்லல."

"அவங்க ஊருக்குச் சொன்னாங்க. எனக்குச் சொன்னாங்களா?"

அந்தக் கேள்வியை இன்றைக்கும் எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர் அந்தப் பெண்ணிடம் கையை நீட்டினார். அவள் நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தை, ஓரம் பிசிறாமல், மெதுவாகக் கிழித்துக் கொடுத்தாள். அவர் அதை நான்காக மடித்து என் பக்கம் தள்ளினார்.

"பேப்பரக் கிழிச்சாச்சு. காதுல விழுந்தத என்ன செய்யறது? அந்த ஃபைல் பக்கம் நானும் இவங்களும் போக மாட்டோம். அதுக்கு மேல என்னால வாக்குக் குடுக்க முடியாது. உங்க சீனியர்கிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க."

அப்படியும் நான் கேட்டேன். எழுதவே கூசுகிறது, ஆனாலும் கேட்டேன். "அப்ப இன்டர்ன்ஷிப் சார்?"

"இந்த வருஷம் வேண்டாம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை.

மேடத்தின் போன்

கீழே நடைபாதையில் நின்று பக்கத்தைப் பிரித்தேன். அழகான கையெழுத்து. அந்தப் பெண்மணியின் பெயர் ஆங்கிலத்தில் முதல் வரியில் இருந்தது. அதன் கீழே ஊர். அதற்கும் கீழே கைநாட்டு என்பதற்கு இரண்டு அடிக்கோடு. அவர் பெயர் அவ்வளவு சுத்தமாக எங்கும் எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை. வரி ரசீதில்கூட ஓர் எழுத்து தவறாகத்தான் இருக்கும்.

ஜெயந்தி மேடத்துக்குப் போன் போட்டேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தின் ஹாரன் சத்தம் அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. அவருடைய அலுவலகம் அதற்கு எதிரே, உரக்கடை மாடியில்.

"யார் யார் இருந்தாங்க ரூம்ல?"

"ரெண்டு பேரு மேடம்."

"கம்பெனி பேரச் சொன்னதுக்கு முன்னாடியே கைநாட்டு வந்துருச்சா?"

"வந்துருச்சு மேடம்."

"உன்னத் திட்டணும். இப்ப நேரமில்ல. இனிமே அந்தத் தாள் எப்ப வேணும்னாலும் வரும்னு வச்சிக்கணும். கம்பெனி கொண்டாறதுக்கு முன்னாடி, ஏமாத்தி வாங்கின கைநாட்டுன்னு நாமளே கோர்ட்ல சொல்லிடலாம். ஆனா அது அந்தம்மா நெலம். சொல்லலாமா வேணாமான்னு அவங்கதான் முடிவு பண்ணணும். காலைல மலைக்குப் போறோம். நடந்தத நீதான் அவங்ககிட்ட சொல்ற. நான் சொல்ல மாட்டேன்."

"சரிங்க மேடம்."

"அந்தப் பேப்பரத் தொலைச்சிடாத."

இரண்டாவது ஒத்திகை

மறுநாள் காலை அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்டர்வியூ என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. என் முகத்திலேயே தெரிந்திருக்கும். நான் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"அப்பா, ஒரு தடவ கேளுப்பா. சொல்லிப் பாக்கணும்."

"இப்ப நான் யாரு?"

"அந்த அம்மா."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். இந்த முறை நிமிர்ந்து உட்காரவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தினார்.

என்ன நடந்தது என்பதை முதலிலிருந்து சொன்னேன். மூன்று வாரம் மெருகேற்றிய வாக்கியம் ஒன்றுகூட உதவவில்லை. குரல் தானாகவே இறங்கியது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அப்ப எங்க நெலம் பூடுமா பாப்பா?"

அப்பாதான் கேட்டார். அப்பாவின் குரல்தான். ஆனாலும் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பூடாது என்று சொல்ல வாய் வந்தது. தெரியாமல் எப்படிச் சொல்வது?

அவர் எழுந்து வண்டி சீட்டைத் துண்டால் துடைத்தார். "வா, பஸ்ஸாண்ட விட்டுடறேன்" என்றார். வழியில் கரும்பு லாரிக்கு ஒதுங்கி நின்றபோது கையைப் பின்னால் நீட்டி என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார், நான் இருக்கிறேனா என்று பார்ப்பதுபோல.

வளைவுகள்

மலை பஸ்ஸில் மேடம் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார். அடிவாரச் செக்போஸ்ட்டைத் தாண்டி வண்டி ஏற ஆரம்பித்ததும் காது அடைத்தது. மடித்த பக்கம் என் பையின் உள்ளறையில் இருந்தது. நிமிஷத்துக்கு ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"இன்னா சொல்லப் போற?" என்றார் மேடம். கோபம் வந்தாலும் துக்கம் வந்தாலும் அவருக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும்.

"அக்கா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். உங்க விஷயத்த, சொல்லக் கூடாத எடத்துல சொல்லிட்டேன்."

"அதுக்கு முன்னாடி?"

எனக்கு விளங்கவில்லை.

"நாம போய் ஒக்காந்ததும் மரத்தடியில மொத்த ஊரும் வந்துரும். இந்தத் தடவ எல்லார் முன்னாடியும் பேச முடியாது. கோர்ட்ல சொல்றதுக்கு முன்னாடி, கம்பெனி வக்கீல் காதுல விழுந்ததும் நாம செய்யப் போறதும் இன்னொரு காதுக்குப் போகக் கூடாது. தனியா பேசலாம்னா அவங்க வரமாட்டாங்க. மொத தடவையே சொன்னாங்கல்ல?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். போன முறை சபையில் சொன்னதால்தான் அவர் பேச்சு நின்றது. இந்த முறை சபையை விட்டு அவரைத் தனியே கூப்பிட வேண்டும். அவர் எழுந்து என்னோடு வந்தாலே, என்னவோ மறைக்கிறாள் என்று ஊர் அவரைப் பார்க்கும். நான் செய்ததற்கு அந்தப் பார்வையையும் அவர்தான் தாங்க வேண்டும்.

கரியாலூர் வந்ததும் இறங்கி ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். கடைசி மேட்டிலிருந்து பலா மரம் தெரிந்தது. அதன் கீழே அந்தப் பெண்மணி கிழங்குக் குச்சிகளைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தார். பக்கத்து வீட்டில் யாரோ, "வக்கீலம்மா வந்துகிறாங்க" என்று கத்தினார்கள். ஆடுகள் இருந்த பக்கம் ஓர் ஆள் எழுந்து நிற்பது தெரிந்தது.

வீட்டுக்குப் பின்னால் அவருடைய மரவள்ளிக் கொல்லை. ஆள் உயரத்துக்கு நின்றது. உள்ளே போனால் வெளியே தெரியாது; கொல்லை பார்க்கப் போனால் தனிப்பேச்சு என்றும் யாரும் நினைக்க மாட்டார்கள்.

ஊர் வந்து சேர்வதற்குள், "அக்கா, உங்க கொல்லையக் காட்டுங்க" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அவர் முன்னால் நடந்தால், நடந்துகொண்டே முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட வேண்டும்.

பையின் உள்ளறையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மேட்டை விட்டு இறங்கினேன்.